சிலிண்டரைக் காலியாக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுடுநீர்ச் சிலிண்டருக்குள் திருகிப் பொருத்திய, கழற்ற முடியாமல் இறுகிப்போன ஒரு மின் ஹீட்டரைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதமா என்று தங்கள் வாசகர்கள் சிலர் சிரிக்கக்கூடும். ஆயினும் கடந்த மார்கழி மழைக்காலத்தில் எங்கள் வீட்டிலும், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் கல்லடியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டிலும் நடந்தவற்றைப் பார்த்த பின்னர், பழைய செப்புச் சுடுநீர்ச் சிலிண்டர் வைத்திருப்போருக்கும் அவற்றைத் திருத்தப் போகும் பிளம்பர்மாருக்கும் ஒரு விடயத்தையாவது சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இறுகிய ஹீட்டர் அசைந்து கொடுக்கும் வரையில் சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றக் கூடாது என்பதே அது. மின் வேலையில் நாற்பது ஆண்டுகளைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். சொல்வதற்கு எளிதான இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவனும் கூட.

எங்கள் சிலிண்டர் மலைநாட்டிலிருந்து வந்தது. 1975 ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், பதுளைப் பக்கத்துத் துரை பங்களா ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏலத்தில் போன அதனை, அப்போது அங்கே வேலை பார்த்த என் தகப்பனார் வாங்கி, வைக்கோல் சுற்றி லொறியில் ஏற்றி, செங்கலடி வீதி வழியாகப் புளியந்தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரையில் பாதி போயிற்று. குளியலறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் நின்ற சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் உயரம் 36 அங்குலம், விட்டம் 18 அங்குலம். ஏறத்தாழ 120 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். இவ்வளவு பெரிய பாத்திரமாக இருந்தும் அதன் செப்புத் தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

மட்டக்களப்பு வெயிலில் சுடுதண்ணீர் எதற்கு என்று கேட்போர் உண்டு. வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் வாதக்காரர் ஒருவரையோ, பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியையோ வீட்டில் வைத்திருந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். நொச்சியும் பாவட்டையும் அவித்த தண்ணீரை அடுப்பிலிருந்து குளியலறை வரை பானையோடு சுமந்து கைகளைச் சுட்டுக்கொண்ட அனுபவம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. சிலிண்டர் வந்த பின்னர் இலைகளை மட்டும் சிறிய சட்டியில் அவித்துக் கலந்தால் போதும் என்றாயிற்று. 3 கிலோவாற்று ஹீட்டர் ஒன்று 28 பாகையில் இருக்கும் 120 லீற்றர் தண்ணீரை 60 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். ஏறத்தாழ நாலரை அலகு மின்சாரம் செலவாகும். இன்றைய கட்டணத்தில் அது சிறிய செலவன்று என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆகையால் நாங்கள் அதனை நாள் முழுவதும் போட்டு வைப்பதில்லை.

சென்ற ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் தண்ணீர் சூடாகவில்லை. நான் அப்போது ஊரில் இருக்கவில்லை. வீட்டார் கூப்பிட்ட திருத்துநர் ஒருவர் வந்து, ஹீட்டரின் மூடியைத் திறந்து, தெர்மோஸ்டாட் பழுது என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். அதன் பின்னர் அவர் செய்ததுதான் இந்தக் கடிதத்துக்கு மூலகாரணம். தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, "இனிப் பிரச்சினை இல்லை அம்மா, சுடச்சுட வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னபடியே சுடச்சுடத்தான் வந்தது.

இந்த வகை ஹீட்டரில் தெர்மோஸ்டாட் என்பது ஒரு கோல். மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றும், அதனுள்ளே இன்வார் எனப்படும் இரும்பு-நிக்கல் கலப்புலோகக் கம்பி ஒன்றும் அதில் உள்ளன. சூடு ஏறும்போது பித்தளை நீளும், இன்வார் ஏறக்குறைய நீளாது. அந்த வித்தியாசம் மேலேயுள்ள சுவிட்சை இழுத்து மின்சாரத்தைத் துண்டிக்கும். கோல் இருப்பது ஹீட்டருக்குள் அதற்கென்று உள்ள தனிக் குழாயில். தண்ணீரோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஆகவே ஒரு துளி தண்ணீரை வெளியேற்றாமல், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, பழைய கோலை உருவிப் புதியதைச் செருகலாம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கும், ஒரு சிறிய கோலின் விலைக்கும் சோம்பியதால், எங்கள் வீட்டில் இரண்டு மாத காலம் தண்ணீர் கொதிக்கும் நிலைக்குப் போய்ப் போய் வந்திருக்கிறது. கொங்கிறீற்றுப் பிளேட்டுக்கு மேலே உள்ள, சிலிண்டருக்குத் தண்ணீர் தரும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியின் மூடியில் ஆவி படிந்து சொட்டியதைப் பார்த்த என் மனைவி, வெயில் சூடு என்று நினைத்திருக்கிறார்.

அது வெயில் சூடாக இருந்திருந்தால் நல்லது. 2006 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டான்டன் நகரில், இதே வகை ஹீட்டர் ஒன்றின் தெர்மோஸ்டாட் கெட்டுப்போய், கொதிநீர், சிலிண்டரின் உச்சியிலிருந்து தாங்கிக்கு மேலே போகும் காற்றுக் குழாய் வழியாக ஏறிக் கூரைக்குள் இருந்த பிளாஸ்டிக் குளிர்நீர்த் தாங்கியில் விழுந்துகொண்டே இருக்க, தாங்கி இளகி உடைந்து கீழே தொட்டிலில் படுத்திருந்த குழந்தை ஒன்று இறந்தது. அங்கே ஒரு தெர்மோஸ்டாட் தானாகக் கெட்டது. இங்கே நாமே கையால் கெடுக்கிறோம். நம்மில் எத்தனை பேரின் படுக்கையறைக்கு மேலே தாங்கி இருக்கிறது என்பதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது. இன்று விற்கப்படும் நல்ல தெர்மோஸ்டாட்டில், முதல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் கொதிக்கும் முன் மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடும் இரண்டாவது சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. கையால் அழுத்தினால் அன்றி அது மறுபடி இயங்காது.

மேலே சொன்ன இரண்டு மாதக் கொதிப்பு வேறொரு வேலையையும் செய்தது. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வரத் தொடங்கும் வரையில் எங்கள் வளவுக் கிணற்று நீரே சிலிண்டருக்குப் போயிற்று. இன்றும் குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்களில் கிணற்று மோட்டரைத்தான் போடுகிறோம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் உப்பு நீருக்கு மேலே மிதக்கும் நல்ல நீரைத்தான் நாம் அள்ளுகிறோம் என்பது இவ்வூரில் எல்லோருக்கும் தெரிந்தது. கோடை முற்றினால் சுவையே காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட நீரில் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது கல்சியம் காபனேற்றாக மாறிச் சூடான இடத்திலேயே படியும். 60 பாகைக்கு மேலே போகப் போகப் படிவு விரைவாகும். ஹீட்டர் கொயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு மேலங்கி போல் ஏறினால் சூடு வெளியே போக வழியில்லாமல் கொயிலின் உள்ளேயே தங்கி உறை வெடிக்கும். வெடித்த இடத்தால் தண்ணீர் உள்ளே உள்ள மக்னீசியம் ஒட்சைட்டுத் தூளை நனைத்த அன்று, எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. திரும்பத் தூக்கினால் திரும்ப விழுந்தது. நல்ல கொயில் என்றால் முனைகளுக்கிடையே 17 அல்லது 18 ஓம் காட்டும். அதனை எங்கள் கொயிலும் காட்டியது. ஆனால் எர்த்துக்கும் முனைக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாத மீற்றர் அங்கேயும் ஒரு கணக்குக் காட்டியது. ஹீட்டர் முடிந்தது.

இதற்கு வந்து பார்த்த வேறொருவர், ஒரு முறை பைப் ரெஞ்சைப் போட்டு இழுத்துவிட்டு, "இது கழறாது ஐயா, சிலிண்டரையே மாத்துங்க, பழசை நான் எடுத்துக்கொண்டு போறன்" என்றார். பழைய செப்பின் விலை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவரை நான் குறை சொல்லமாட்டேன். கழற்றத் தெரியாததைக் கழற்றப் போகாமல் விட்டாரே, அதற்கு நன்றி சொல்லவேண்டும். கல்லடியில் நடந்தது அப்படி அல்ல.

கல்லடியில் அந்த அன்பர் தன் வீட்டின் பின்பகுதியை விருந்தினர் தங்கும் அறைகளாக வைத்திருக்கிறார். அங்கும் இதே அளவுச் சிலிண்டர்; ஹீட்டர் இறுகியிருந்தது. வேலைக்கு வந்தவர் முதல் வேலையாக அடி வால்வைத் திறந்து சிலிண்டரை முழுவதும் காலியாக்கினார். தண்ணீர் உள்ள பாத்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது பொதுவாக நல்ல எண்ணம்தான். பின்னர் பெரிய பைப் ரெஞ்ச் ஒன்றை ஹீட்டரின் தலையில் மாட்டி, அதன் கைப்பிடியில் நான்கு அடி இரும்புக் குழாய் ஒன்றைச் சொருகி, இரண்டு பேராக நின்று மெல்ல மெல்ல அழுத்தினார்கள். ஹீட்டர் அசையவில்லை, அதனைத் தாங்கி நின்ற பித்தளை வளையம் செப்புத் தகட்டையும் இழுத்துக்கொண்டு சுழன்றது. நான் போய்ப் பார்த்தபோது வளையத்தைச் சுற்றித் தகடு, வெற்றிலையை மடித்துக் கசக்கினாற்போல் மடிந்து, ஒரு மடிப்பில் மயிர் அளவு கீறலும் விழுந்திருந்தது. அதற்கு மேல் எந்தப் பற்றவைப்பும் நிற்காது.

தண்ணீர் நிறைந்த சிலிண்டர் வேறு, வெறும் சிலிண்டர் வேறு. நிறைந்திருக்கும்போது 120 கிலோ தண்ணீர் தகட்டை உள்ளேயிருந்து எல்லாப் பக்கமும் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாரமே சிலிண்டரை இடத்தில் இருத்தியும் வைக்கிறது. காலியானால் மிஞ்சுவது ஒரு மெல்லிய தகரக் கூடு. வெறும் பால்மா டின்னை ஒரு விரலால் நெளிக்கலாம். தண்ணீர் நிரப்பி மூடிய டின்னை நெளித்துப் பார்க்கட்டும். இதனைச் சொன்னால் தலையாட்டாத பிளம்பர் இல்லை. ஆனால் சொல்லும் வரையில் இது தோன்றிய பிளம்பரும் மிகக் குறைவு.

இன்னொரு விடயமும் இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. குளிர்நீர் வரும் வால்வைப் பூட்டிவிட்டுச் சுடுநீர்ப் பைப்பைத் திறந்தால் சற்று நேரம் ஓடி நின்றுவிடும். உடனே சிலிண்டர் காலி என்று எண்ணிவிடுகிறார்கள். சுடுநீர் சிலிண்டரின் உச்சியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே பைப் நின்ற நேரத்திலும் சிலிண்டர் ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். மேலே தாங்கியிலிருந்து வரும் அழுத்தம் மட்டும்தான் இல்லாமல் போயிருக்கும். ஹீட்டரைத் தளர்த்துவதற்கு வேண்டிய நிலை இதுதான்: உள்ளே தண்ணீர் உண்டு, மேலிருந்து தள்ளும் அழுத்தம் இல்லை.

எங்கள் ஹீட்டரைக் கழற்ற எனக்கு மூன்று நாட்கள் எடுத்தன. அவற்றில் இரண்டு நாட்கள் ஸ்பானருக்காகவே போயின. இந்த ஆங்கிலேய ஹீட்டர்களின் மரை இரண்டே கால் அங்குலம், தலை அறுகோணம், எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே 86 மில்லிமீற்றர். திருமலை வீதியில் நான் ஏறி இறங்கிய எந்த ஹாட்வெயார் கடையிலும் அந்த அளவு இல்லை. கடைசியில் காத்தான்குடியில் ஒரு லேத் பட்டறையில் பத்து மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் அறுகோணத் துளை வெட்டுவித்து, இரண்டடிக் கைப்பிடியும் பற்றவைப்பித்து எடுத்துவந்தேன். பைப் ரெஞ்ச் இரண்டு இடங்களில் மட்டும் கடிக்கும், பித்தளைத் தலையின் மூலைகளைத் தின்றுவிடும். வளைய ஸ்பானர் ஆறு பக்கத்தையும் ஒரேயளவில் பிடிக்கும். ஒரு முறை மூலைகள் உருண்டுபோனால் அதன்பின் சரியான ஸ்பானர் கிடைத்தாலும் பயனில்லை என்பதால், முன்னர் வந்தவர் ஒரு முறையோடு கைவிட்டதற்கு நான் இன்னொரு தடவை நன்றி சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, மெயின் சுவிட்சை நிறுத்தி, ஹீட்டருக்குரிய பிரேக்கரையும் இறக்கி, முனைகளில் மின்சாரம் இல்லை என்பதை மீற்றர் வைத்துப் பார்த்த பின்னரே வயர்களைக் கழற்றினேன். என் தங்கையின் மகன் உதவிக்கு வந்திருந்தான். வால்வைப் பூட்டிச் சுடுநீர்ப் பைப்பைத் திறந்து ஓடி முடியவிட்டோம். ஹீட்டரின் தலைக்கும் பித்தளை வளையத்துக்கும் இடையே பழைய பைபர் வாஷர் ஒன்று இருந்தது. ஐம்பது வருடச் சூட்டில் அது கல்லாகி இரண்டையும் ஒட்டிவைத்திருந்தது. பலர் மரைதான் இறுகியது என்று நினைக்கிறார்கள். பல வேளைகளில் குற்றவாளி இந்த வாஷரே. ஹெக்சோ பிளேட் ஒன்றின் நுனியைத் துணி சுற்றிப் பிடித்து, அந்த இடைவெளிக்குள் விட்டு, மரையில் படாமல் வாஷரை மட்டும் சுற்றிவர அரிந்தேன். சிவப்பும் கறுப்புமாகத் தூள் கொட்டியது. அதற்கே ஒரு மணித்தியாலம் போனது.

பின்னர் கறள் இளக்கும் எண்ணெயை விட்டு, சிறிய சுத்தியலால் அறுகோணத்தின் ஆறு முகங்களிலும் மாறி மாறித் தட்டினேன். தட்டுவது தலையில்தான், ஒருபோதும் செப்பில் அல்ல. தேநீர் குடித்து முடியும் வரை அதனை விட்டுவைத்தேன். ஸ்பானரை மாட்டிய பின்னர் முதலில் கழற்றும் பக்கம் போகவில்லை. இறுக்கும் பக்கமாக ஒரு சின்னத் தட்டு. பிடிவாதமான நட்டை முன்னே தள்ளிப் பின்னே இழுக்க வேண்டும் என்பது என்னைப் பழக்கிய போர்மன் சொல்லித் தந்தது. அதன்பின் கழற்றும் பக்கமாக, கைப்பிடியின் நுனியில் கனமான சுத்தியலால் சுருக்கென்று ஒரு அடி. மெல்ல அழுத்தி இழுத்தால் அந்த விசை முழுவதும் தகட்டுக்குப் போய் அதனை முறுக்கும். திடீரென்று விழும் அடியோ, தகடு முறுகத் தொடங்கும் முன்னே மரையின் பிடியை உடைத்துவிடும். மருமகன் சிலிண்டரை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகத்தை அதன்மேல் சாய்த்து நின்றான். நான்காவது அடியோ ஐந்தாவது அடியோ, "மாமா, உள்ளுக்கு ஏதோ முறிஞ்ச மாதிரிக் கேட்டது" என்றான். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தலைக்கும் வளையத்துக்கும் இடையே, நான் வாஷர் அரிந்த கோட்டில், ஒரு நீர்த்துளி திரண்டு நின்று, உருண்டு, செப்பின் வளைவில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

அந்தத் துளிதான் அடையாளம். ஹீட்டர் கால் சுற்று அசைந்துவிட்டது என்று அர்த்தம். இனித் தண்ணீரின் உதவி தேவையில்லை. திரும்ப ஸ்பானரால் மெல்ல இறுக்கி ஒழுக்கை நிறுத்திவிட்டு, அடி வால்வில் தோட்டத்து ஹோஸைப் பொருத்தி, சுடுநீர்ப் பைப்பைத் திறந்தபடியே வைத்துச் சிலிண்டரைக் காலியாக்கினோம். பைப்பைத் திறந்து வைப்பதற்குக் காரணம் உண்டு. வெளியேறும் தண்ணீரின் இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் சிலிண்டர் உள்வாங்கிச் சுருண்டுவிடும். மேலே ஏறும் காற்றுக் குழாய் இருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது. எங்கள் காற்றுக் குழாயின் வாயை அன்று போய்ப் பார்த்தபோது, பாதியைக் குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. தண்ணீர் இரண்டு மாதம் கொதித்தபோது ஆவி போவதற்கு மிச்சமிருந்த வழி அந்தப் பாதிதான் என்று எண்ணி, ஏணியிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன்.

ஹீட்டர் கையால் சுழன்று வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. கொயிலைச் சுற்றி ஏறிய சுண்ணாம்பு துளையை விடப் பருத்திருந்தது. நீண்ட திருப்புளி ஒன்றால் உள்ளேயே குத்திக் குத்தி உடைத்த பின்னர்தான் அது வழிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால், வாவியில் நாட்டிய கம்பில் மட்டி ஒட்டியது போலச் சொரசொரப்பாக, விரற்கடைத் தடிப்பில் வெள்ளைப் படிவு. ஓரிடத்தில் அது பெயர்ந்து, உறை உளுத்த மரம் போலப் பிளந்து தெரிந்தது. சிலிண்டரின் அடியிலிருந்து அள்ளிய சுண்ணாம்புச் சில்லுகள் ஒரு வாளியில் பாதிக்கு வந்தன. வெற்றிலைக்கு ஆகுமா என்று என் மனைவி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வளையத்தின் மரையைத் தென்னங் கள்ளு வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்தேன்; நுரைத்துக் கிளம்பிச் சுத்தமாகப் பித்தளை தெரிந்தது. இதற்குக் கம்பித் தூரிகையோ உளியோ தேவையில்லை.

புதிய ஹீட்டர் லண்டனிலுள்ள உறவினர் ஒருவரின் பயணப் பெட்டியில் வந்தது. இங்கே கடைகளில் கிடைப்பவை இத்தாலிய, சீனக் கீசர்களுக்குரியவை. அவற்றின் தலை வேறு, நாலைந்து போல்ட் போட்டு இறுக்கும் வகையும் உண்டு. நமது வளையத்துக்கு அவை பொருந்தா. பக்கவாட்டில் பொருத்துவதற்கு 11 அங்குல நீளமும், உச்சியிலிருந்து செங்குத்தாக இறக்குவதற்குப் பொதுவாக 27 அங்குல நீளமும் உண்டு. அளந்து பார்க்காமல் சொல்லி அனுப்பினால் அடியில் முட்டும். நம் கிணற்று நீருக்குச் செப்பு உறைக் கொயிலை விட இன்கோலோய் எனப்படும் நிக்கல் கலப்புலோக உறை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடினாலும் அதுவே தாக்குப்பிடிக்கும். புதிய வாஷர் இல்லாமல் பழையதைத் திருப்பிப் போட்டு அரக்குப் பூசும் வழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். இறுக்கும்போது அளவோடு இறுக்க வேண்டும்; அடுத்த தடவை கழற்றப் போகிறவரும் ஒரு மனிதர்தான்.

மின் இணைப்பைப் பற்றி நீட்டமாட்டேன். 3 கிலோவாற்று என்றால் 230 வோல்ற்றில் 13 அம்பியர். மணிக்கணக்கில் ஓடும் அந்தச் சுமையைச் சதுர முள் பிளக்கில் கொடுத்தால் பிளக் இளகும். தனிப் பிரேக்கர், இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 அம்பியர் சுவிட்ச், அதிலிருந்து ஹீட்டர் வரைக்கும் சூடு தாங்கும் இறப்பர் உறை வயர், எர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஆகியவை இல்லாமல் இந்த வேலைக்குக் கை வைக்க வேண்டாம். சிலிண்டர் நிறைந்து, சுடுநீர்ப் பைப்பில் காற்று விக்கல் இல்லாமல் தண்ணீர் ஓடும் வரை சுவிட்சைப் போடவும் வேண்டாம். தண்ணீர் மூடாத கொயில் சில நிமிடங்களில் கருகும், லண்டனிலிருந்து வந்ததும் கருகும்.

எனக்குத் தெரிந்தவரையில் நம் பகுதியில் பிளம்பிங் பழகி வரும் இளைஞர்கள் பிவிசி ஒட்டுவதிலும் புதுக் கீசர் பொருத்துவதிலும் கெட்டிக்காரர்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பழையதைக் கழற்றுவது அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்காத கலையாகப் போய்விட்டது. பயிற்சி நிலையங்களின் மூலையில் ஓட்டைச் சிலிண்டர் ஒன்றை நிறுத்திவைத்து, தண்ணீர் நிரப்பி ஒரு தடவையும், காலியாக்கி ஒரு தடவையும் ஸ்பானரைப் போட்டு இழுக்கவிட்டால் அரை நாளில் பாடம் முடியும். கல்லடியில் நெளிந்த சிலிண்டர் இப்போதும் அந்த அன்பரின் வளவில் மாமரத்தடியில்தான் கிடக்கிறது, கேட்டால் தருவார். கடைக்காரர்களோ 86 மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம். ஆண்டுக்குப் பத்துப் பேர் வந்தாலும் அது நட்டமாகாது.

அது நடக்கும் வரையில், காத்தான்குடியில் செய்வித்த என் ஸ்பானர் வீட்டில் சும்மாதான் தொங்குகிறது. தேவைப்படுவோர் தங்கள் பத்திரிகை அலுவலகம் மூலம் எனக்கு அறிவித்தால், பிளம்பராயினும் வீட்டுக்காரராயினும், பணம் எதுவும் வாங்காமல் இரவல் கொடுப்பேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வாங்க வருகிறவர் சிலிண்டரைக் காலியாக்கிவிட்டு வரக்கூடாது. காலியாக்கியிருந்தால் திரும்பிப் போய் நிரப்பிவிட்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.